ருக்குவின் கைக்கு எத்தனை மார்க்?

“என் கைக்கு எத்தினி மார்க்கு போட்டுக்கிறாங்க?”

1986 சித்திரையில் பக்கத்து வீட்டு ருக்கு அக்கா ஒரு தாளை நீட்டி இப்படிக் கேட்டாள். தாளின் அடியில் பேனாவால் வட்டம் போட்டு ‘3.0’ என்று எழுதியிருந்தது. அந்த வருடம்தான் பத்தாவது எழுதியிருந்த எனக்கு எண்ணைப் படிக்க முடிந்தது. அதில் கைக்கு எவ்வளவு, காலுக்கு எவ்வளவு என்று சொல்லத் தெரியவில்லை. பிறகு தெரிந்துகொண்டேன். தெரிந்ததிலிருந்து ஆத்திரம் அடங்கவில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன். முதலில் அந்தக் கையைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

பழவேற்காட்டு ஏரியில், பசியாவரம் தீவு எதிரே தெரியும் கரையில், ருக்குவின் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கையால் இறால் பிடிப்பவர்கள். வலையும் இல்லை, தோணியும் இல்லை. தொடையளவுத் தண்ணீரில் இறங்கிக் குந்திக்கொண்டால் மார்பு வரை தண்ணீர் வரும். ஆறு பெண்கள் தோளோடு தோள் இடிக்க ஒரே வரிசையாகக் குந்தி, குந்தியபடியே முன்னால் நகர்வார்கள். பனையோலையில் பின்னிய பறி என்னும் கூடை முதுகுப் பக்கம் மிதக்கும். அதன் கயிறு பல்லில் இருக்கும். பிடித்த இறாலை அதில் போட்டுக்கொண்டே போகவேண்டும். கயிற்றைக் கடித்திருப்பதால் வேலை நேரத்தில் ஒருத்தியும் பேசமாட்டாள். ஏதாவது சொல்ல வேண்டுமென்றால் மூக்கால் ‘ம்ம்’ என்பதுதான்.

கண்ணுக்கு அங்கே வேலையே இல்லை. கலங்கிய தண்ணீரில் சேற்றைத் தடவும் விரல்தான் பார்க்கும். இறால் பின்பக்கமாகத்தான் பாயும். ஆகவே ஒரு கை அதன் மீசையைத் தொடும்; மறு கை வால் பக்கம் குழிவாகக் காத்திருக்கும். தொட்ட நொடியில் இறால் பின்னுக்குப் பாய்ந்து தானாகவே உள்ளங்கைக்குள் வந்து விழும். மீசை தலைமுடியை விட மெல்லியது. அது விரலில் பட்டதைத் தெரிந்துகொள்வதுதான் தொழில். ருக்குவுக்கு அது பதினோரு வயதிலேயே வந்துவிட்டது. தொட்டவுடன் வெள்ளையா கருப்பா, சினை உண்டா இல்லையா என்று சொல்லிவிடுவாள். வரிசையில் நடு இடம் அவளுடையது. நடுவில் இருப்பவள் கை சரியாக இருந்தால்தான் வரிசையில் ஓட்டை விழாது.

1979இல், முப்பது வயதில், அவளுடைய இடது கண் மங்கியது. ஒரு மாதத்தில் தானாகவே சரியாகிவிட்டது. மூன்று வருடம் கழித்து ஒரு கோடையில் கால்கள் இரண்டும் மரக்கட்டை போலக் கனத்தன. அதுவும் பெரும்பாலும் சரியானது. ஆனால் அதற்குப் பிறகு வெயில் ஏறினால் கால் அவள் சொன்னபடி கேட்காது. கழுத்துவரை தண்ணீரில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தால் திரும்ப வந்துவிடும். இதை அவளே கண்டுபிடித்தாள். யாரிடமும் சொல்லவில்லை. ஏரிக்குப் போகிற பெண்ணிடம் ‘முடியுமா?’ என்று கேட்டால் ‘முடியும்’ என்பது ஒன்றுதான் பதில். முடியாது என்று சொன்னவளை அடுத்த நாள் வரிசைக்குக் கூப்பிடமாட்டார்கள். கூப்பிடாவிட்டால் அவள் வீட்டில் உலை இல்லை.

1985இல் கை போனது.

அதை முதலில் கண்டுபிடித்தவள் ருக்குவின் புருஷன் கருப்பனுடைய தங்கை மணியம்மாள். வரிசையில் ருக்குவுக்கு இடது பக்கம் அவள்தான் இருப்பாள். திடீரென்று அவளுடைய பறி சீக்கிரம் நிறைய ஆரம்பித்தது. ருக்கு தடவிவிட்டுப் போன சேற்றில் எல்லாம் இறால் இருந்தது.

“இன்னா அண்ணி, எனக்காக உட்டுக்கினே போறியா? இன்னா அவ்ளோ பாசம்?” என்று கரையேறியதும் சிரித்தாள்.

“ஆமாண்டி, உங்கண்ணன் சொல்லியனுப்பிச்சாரு” என்றாள் ருக்கு. மணியம்மாள் சிரிப்பு பாதியில் நின்றுவிட்டது. ருக்குவின் வலது உள்ளங்கையில் கெளுத்தி முள் ஒன்று முறிந்து நின்றது. மணிக்கட்டு வரை ரத்தம். கெளுத்தி குத்தினால் பெரிய ஆண்பிள்ளையே கரையில் புரண்டு அழுவான். ருக்கு கையைப் பார்த்தாள், யாரோ வேறொருத்தியின் கையைப் பார்ப்பது போல.

“வலிக்கலயா?”

“எது?” என்றாள் ருக்கு.

இறால் வாங்க வந்திருந்த பழவேற்காட்டு வியாபாரி அப்துல் ரவூப் அங்கே நின்றுகொண்டிருந்தார். முள்ளை அவர்தான் பிடுங்கினார். ஊரில் மந்திரிக்கிறவரைக் கூப்பிட ஆள் கிளம்பியபோது தடுத்தவரும் அவர்தான். “பேயும் இல்ல, பிசாசும் இல்ல. இது நரம்பு. மெட்ராஸ் பெரியாஸ்பத்திரிக்குப் போ ருக்கும்மா. எனக்குத் தெரிஞ்சவுங்க கீறாங்க, லெட்டர் தர்றேன்” என்றார்.

அங்கே முதுகில் ஊசி போட்டு நீர் எடுத்தார்கள். கண்ணுக்கு எதிரே கட்டம் கட்டமாக ஒளி காட்டினார்கள். மூன்று மாதம் அலைந்த பிறகு ஜான் என்கிற இளம் டாக்டர் பொறுமையாகச் சொன்னார். நரம்பைச் சுற்றி ஓர் உறை உண்டு. உடம்பே அதைப் பகை என்று தப்பாக எண்ணி அரித்துவிடுகிறது. அரித்த இடத்தில் செய்தி போகாது. வியாதியின் பெயர் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ். இதற்கு மருந்து இல்லை. ஆனால் ஒரு மாத்திரையைச் சோதித்துப் பார்க்கப் போகிறார்கள். எடுத்துக்கொள்பவர்களுக்கு இரண்டு வருடம் எல்லாம் இலவசம். பாதிப் பேருக்கு மாத்திரை, பாதிப் பேருக்கு அதே மாதிரி இருக்கும் வெறும் மாவு. யாருக்கு எது என்று டாக்டருக்கே தெரியாது.

“மாவு வந்தாலும் பரவால்ல சார். என்னைச் சேத்துக்குங்க” என்றாள் ருக்கு. வேறு வழி அவளுக்குத் தெரியவில்லை. வரிசையில் அவளை ஏற்கெனவே கடைசி இடத்துக்குத் தள்ளியிருந்தார்கள். விரல் இன்னும் கொஞ்சம் மரத்தால் அந்த இடமும் போய்விடும்.

“சேர்க்கறதுக்கு முன்னாடி அளக்கணும்மா. வர்ற செவ்வாய்க்கிழமை வாங்க” என்றார் ஜான்.

அந்தச் செவ்வாய்க்கிழமை ருக்கு செய்ததை ஏரிக்கரைப் பெண் ஒருத்திதான் செய்வாள். தன்னை அளக்கப் போகிறார்கள். நல்லபடியாக நிற்கவேண்டும் என்று நினைத்தாள். விடிந்ததும் ஏரியில் கழுத்துவரை இறங்கி உட்கார்ந்தாள். ஈரப் புடவையை மாற்றாமல் முதல் பஸ் பிடித்தாள். ஆஸ்பத்திரி வாசல் குழாயில் மறுபடியும் தலையை நனைத்துக்கொண்டாள்.

“ஈரத்தோட எங்கம்மா உள்ள வர்றே?” என்று பிலோமினா சிஸ்டர் கத்தினார்.

“எங்கூர்ல இதான் சிஸ்டர் இஸ்திரி போட்ட பொடவ” என்றாள் மணியம்மாள்.

பஞ்சால் தொட்டார்கள், குண்டூசியால் குத்தினார்கள், அதிரும் கம்பியை எலும்பில் வைத்தார்கள். கையில் அவளுக்கு ஒன்றும் தெரியவில்லை. கண்ணை மூடச் சொல்லி விரலை மேலும் கீழும் அசைத்து, எந்தப் பக்கம் என்று கேட்டார்கள். தெரியவில்லை. இதையெல்லாம் ஜான் எழுதிக்கொண்டார். பிறகு நடைக்கூடத்துக்குக் கூட்டிப் போனார். இருபத்தைந்து மீட்டர் இடைவெளியில் இரண்டு முனையிலும் சாக்பீஸ் கோடு போட்டிருந்தது. இருபது தடவை நடந்தால் ஐந்நூறு மீட்டர்.

“நிக்காம, பிடிச்சுக்காம நடக்க முடியுமா?”

“முடியும்” என்றாள் ருக்கு.

நடந்தாள். சாதாரணமாகவா நடந்தாள்! பழவேற்காட்டுச் சந்தைக்குக் கூடையோடு போகிற நடை. மணியம்மாள் ஓரமாக நின்று விரல் விட்டு எண்ணினாள். “பதினேழு! போ அண்ணி! பதினெட்டு!” இருபதாவது முடிந்ததும் ருக்கு இடுப்பில் கை வைத்துக்கொண்டு, ‘இன்னும் வேணுமா?’ என்பது போல டாக்டரைப் பார்த்தாள். ஜெயித்துவிட்டதாக நினைத்தாள்.

ஜான் தாளில் வட்டம் போட்டார். மூன்று. சேர்ப்பதற்கு மூன்றரை வேண்டும்.

ஏன் என்று அவள் கேட்க, அவர் மறைக்காமல் சொன்னார். அளவுகோல் பூஜ்யத்தில் தொடங்குகிறது. பூஜ்யம் என்றால் ஒன்றுமில்லை. பத்து என்றால் சாவு. கண், கை, கால், மூத்திரப்பை, தொடு உணர்வு என்று தனித்தனியாகப் பார்த்துச் சேர்ப்பது மூன்றரை வரைக்கும்தான். நாலுக்கு மேல் அநேகமாக நடைதான் முடிவு செய்யும். ஐந்நூறு மீட்டருக்கு மேல் முடியாவிட்டால் நாலு, இருநூறோடு நின்றுவிட்டால் ஐந்து. ஊன்றுகோல் பிடித்தால் ஆறு. சக்கர நாற்காலி என்றால் ஏழு.

“நாலுக்கு மேல கையி எங்க சார் வருது?”

ஜான் தாளைப் புரட்டினார். “எட்டுல” என்றார் மெதுவாக. “படுக்கையில இருக்கறவங்க கையை உபயோகிக்க முடியுதான்னு பார்ப்போம்.”

“படுக்கைல உழுந்தப்பறந்தான் கையப் பாப்பீங்களா?”



வெளியே பெஞ்சில் எளாவூர்க்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். பெயர் பெரியசாமி. ஏதோ சங்கத்தில் எழுத்தர். அவருக்கும் அதே வியாதி. அவருக்கு ஆறு போட்டுச் சேர்த்துக்கொண்டார்கள். ஊன்றுகோலை மடியில் வைத்துக்கொண்டு தன் படிவத்தைத் தானே அழகான கையெழுத்தில் நிரப்பிக்கொண்டிருந்தார்.

“நீங்க வேலைக்குப் போறீங்களா நைனா?” என்று ருக்கு கேட்டாள்.

“போறேம்மா. தெனம் மாட்டு வண்டில கொண்டாந்து எறக்கிடுவாங்க. உக்காந்து எழுதற வேலதானே. கை நல்லாத்தான் கீது, ஆண்டவன் புண்ணியம்.”

அவர் மேல் ருக்குவுக்குக் கோபம் இல்லை. எனக்கும் இல்லை. அவருக்கு அந்த மாத்திரை தேவைதான். ஆனால் இதை நின்று யோசித்துப் பாருங்கள். வேலை போகாதவருக்கு ஆறு. வேலையே போனவளுக்கு மூன்று. அந்த அளவுகோலைச் செய்தவர்கள் மனிதன் எதற்காகப் பிறந்திருக்கிறான் என்று நினைத்தார்கள்? நடைக்கூடத்தில் இங்கும் அங்கும் போய்வருவதற்கா?

வீட்டுக்கு வந்துதான் என்னிடம் தாளை நீட்டினாள். நான் விழித்தேன். அவள் தாளைப் பிடுங்கிக்கொண்டாள். “படிச்ச புள்ளைக்கும் தெரியல. சரி, நானே காட்றேன்” என்றாள்.

பன்னிரண்டு நாள் கழித்து, கத்திரி வெயிலில், பெரிய அலுமினிய அன்னக்கூடை ஒன்றில் ஏரிச் சேற்றையும் தண்ணீரையும் நிரப்பி, அதில் பத்து உயிர் இறாலை விட்டு, ஈரச் சாக்கால் வாயைக் கட்டி, மணியம்மாளும் அவளும் பஸ் ஏறினார்கள். இந்தத் தடவை ருக்கு ஏரியில் இறங்கவில்லை. குழாயையும் திரும்பிப் பார்க்கவில்லை. கண்டக்டர் “கவுச்சி மேல ஏத்து” என்று கூச்சல் போட்டார். “இது நோயாளிங்க நைனா, ஆஸ்பத்திரிக்கிப் போவுது” என்றாள் மணியம்மாள். பஸ் முழுவதும் சிரித்தது.

ஆஸ்பத்திரிக்குள் வரும்போது உச்சி வெயில். ஜானோடு பெரிய டாக்டரும் இருந்தார். ருக்கு அன்னக்கூடையை அவர்கள் காலடியில் இறக்கினாள்.

“என்னம்மா இது?”

“என் வேல சார். அளங்க.”

பிலோமினா சிஸ்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டார். ஆனால் வெளியே போகவில்லை. முதலில் மணியம்மாள் கண்ணை மூடிக் கைவிட்டாள். சோறு பிசைகிற நேரத்தில் நாலு இறாலை எடுத்துத் தரையில் போட்டாள். அவை துள்ளின. பிறகு ருக்கு கைவிட்டாள். அவளும் கண்ணை மூடிக்கொண்டாள். ஒரு கை முன்னால், ஒரு கை பின்னால், பதினோரு வயதிலிருந்து செய்த அதே வாகு. கைகள் சரியாகத்தான் போயின. நேரம் போய்க்கொண்டிருந்தது. அவளுடைய விரலிடுக்கில் உரசிக்கொண்டு இறால் மேலே வந்து துள்ளியதை நின்றவர்கள் எல்லாரும் பார்த்தார்கள். அவளுக்கு மட்டும் தெரியவில்லை. கடைசியில் எதையோ இறுக்கிப் பிடித்து மேலே தூக்கினாள்.

“கருப்பு எறா” என்றாள் கண்ணைத் திறக்காமல்.

கையில் இருந்தது ஒரு கிளிஞ்சல் ஓடு.

 மணியம்மாள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். ருக்கு கண்ணைத் திறந்து ஓட்டைப் பார்த்தாள். அழவில்லை. “நீங்க கைய உடுங்க சார்” என்றாள் ஜானிடம். அவர் சட்டைக் கையை மடித்து, கண்ணை மூடி, வாழ்க்கையில் முதல் தடவையாகச் சேற்றில் தடவினார். தட்டுத்தடுமாறித் தடவி ஒன்றைப் பிடித்துவிட்டார். பிடித்ததற்கு அவரே வெட்கப்பட்டார்.

பிறகு அவரே ருக்குவை நடக்கச் சொன்னார். வெயிலில் வந்த கால். ஏழாவது தடவை கோட்டைத் தொடும்போது முழங்கால் மடிந்து சுவரோரம் உட்கார்ந்துவிட்டாள். ஜான் பெரிய டாக்டரைப் பார்த்தார். “சார், இது மூணு இல்ல.”

பெரிய டாக்டர் கெட்டவர் அல்ல. அவர் குரலை உயர்த்தவில்லை. “பட்டியல் போன வாரமே முடிஞ்சுபோச்சு. அதுமட்டுமில்ல ஜான். முதல்ல அளந்தது பிடிக்கலைன்னு நமக்குப் பிடிச்ச எண் வர்ற வரைக்கும் திரும்பத் திரும்ப அளந்தா, அதுக்குப் பேர் அளவே இல்ல. எல்லாருக்கும் ஒரே அளவுகோல் வேணும். இல்லைன்னா மருந்து வேலை செஞ்சுதா இல்லையான்னு யாருக்குமே தெரியாமப் போயிடும்.”

சுவரில் சாய்ந்தபடி ருக்கு சொன்னாள்: “கோலு ஒண்ணாவே இருக்கட்டும் சார். அத்த எதும்மேல வெச்சி அளக்கணும்னு யார்ட்ட கேட்டீங்க? எங்கள மாதிரி ஒருத்தியையாவது கேட்டீங்களா?”

 பெரிய டாக்டர் வார்டுக்குள் போய்விட்டார்.

வாசல் வரை ஜான் கூட வந்தார். வெளிநாட்டில் சில இடங்களில் ஒரு பலகை வைத்திருக்கிறார்களாம். ஒன்பது குழி, ஒன்பது குச்சி. குச்சிகளை எடுத்துக் குழியில் செருகி எடுக்க எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்ப்பார்களாம். கைக்கு அது நல்ல அளவு என்றார். அவளுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நினைத்துத்தான் சொன்னார். ருக்குவுக்கு எரிச்சல்தான் மூண்டது.

“அப்போ இருக்குதா? ஒம்போது குச்சி. எங்கூட்டு முருங்க மரத்துல ஒடிச்சித் தந்திருப்பேனே! அது கூடவா உங்களுக்குக் கெடைக்கல?”

ஜான் கோப்பின் ஓரத்தில் என்னவோ எழுதினார். கையைப் பற்றி நாலு வரி. அந்த வரிகளுக்கு எண் கிடையாது. எண் இல்லாததை யாரும் கூட்டமாட்டார்கள்.

அந்த வருட ஐப்பசியில் ருக்கு வரிசையை விட்டாள். விட்டாள் என்பது தப்பு, விடவைத்தார்கள். ஆனால் பெண்கள் அவளை வீட்டில் உட்காரவைக்கவில்லை. வரிசைக்கு எதிர்ப்பக்கம் கொஞ்ச தூரத்தில் அவளை நிறுத்தி, சேற்றை மிதித்துக்கொண்டே தங்களைப் பார்த்து வரச் சொன்னார்கள். மிதிக்கிற அதிர்வுக்கு இறால் கலைந்து வரிசைப் பக்கம் ஓடும். கரையேறியதும் ஒவ்வொருத்தியும் ஒரு கைப்பிடி இறாலை அவளுடைய பறியில் போடுவாள். அதை வாங்கும்போதெல்லாம் ருக்குவின் முகம் கறுத்துவிடும்.

“டாக்டரு மார்க்கு போட்ட காலு, நல்லா மெதி அண்ணி” என்று மணியம்மாள் ஒருநாள் கேலி செய்தாள். ருக்கு சேற்றை அள்ளி அவள் மூஞ்சியில் அடித்தாள். பிறகு இரண்டு பேரும் சிரித்தார்கள். சிரித்து முடித்ததும் ருக்கு சொன்னாள்: “இந்தக் காலு நல்லாருந்ததாலதாண்டி என் கையி போச்சி.”

1988 கோடையில் அந்தக் காலும் போனது. வெயில் இல்லாத நேரத்திலும் வரவில்லை. கருப்பன் அவளைத் தோணியிலும் வண்டியிலுமாகத் தூக்கிக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் போனான். ஜான் வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். புதிய டாக்டர் அதே நடைக்கூடத்தில், அதே கோட்டில், ஊன்றுகோல் கொடுத்து நடக்கவைத்தார். ஆறு என்று வட்டம் போட்டார். மாத்திரைச் சோதனை முடிந்துவிட்டது, இனி சேர்க்க முடியாது என்றார். மாத்திரை உதவியதா என்று கருப்பன் கேட்டதற்கு, இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறோம் என்றார். பழைய தாளையும் புதிய தாளையும் பக்கத்தில் வைத்து, “ரெண்டு வருஷம் வரைக்கும் நல்லாத்தான் இருந்திருக்கீங்க. இப்பத்தான் மோசமாகியிருக்கு” என்றார்.

நல்லாத்தான் இருந்திருக்கிறாள்! கெளுத்தி முள் கையில் நின்ற நாள் அந்தத் தாளில் இல்லை. கிளிஞ்சல் ஓடு இல்லை. நடு இடத்திலிருந்து கடைசிக்கும், கடைசியிலிருந்து வரிசைக்கு வெளியேயும் போனது இல்லை. தாளைப் பொறுத்தவரை ருக்கு 1988இல்தான் முடமானாள்.

இப்போது எனக்குப் பதில் தெரியும். ருக்கு அக்காவிடம் போய்ச் சொன்னேன். இரண்டு கைக்கும் சேர்த்து மூன்று போட்டார்கள். நடக்க முடிந்ததால் அந்த மூன்று மூன்றாகவே நின்றுவிட்டது. அவள் கயிற்றுக் கட்டிலில் சாய்ந்திருந்தாள். மணியம்மாள் அவளுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள்.

“எனக்குச் சொல்லி இன்னா ஆவப்போவுது?” என்றாள் ருக்கு. “இனிமே போறவங்களுக்குச் சொல்லு.”

அதனால் உங்களைக் கேட்டுக்கொள்கிறேன். உங்கள் ஊரில், உறவில், பஸ்ஸில் பக்கத்துச் சீட்டில் இந்த வியாதியோடு யாராவது இருந்தால் அவர்களுக்கு ருக்குவின் கதையைச் சொல்லுங்கள். அளக்கப் போகிற அன்று நல்லபடியாக நிற்கவேண்டாம், இருக்கிறபடி நில்லுங்கள் என்று சொல்லுங்கள். ‘முடியுமா?’ என்று கேட்டால், எந்த நேரத்தில் முடியும், எந்த நேரத்தில் முடியாது என்று சொல்லச் சொல்லுங்கள். டாக்டர் நடைக்கூடத்தைக் காட்டும் முன்பே, தன் பிழைப்பு எந்த உறுப்பில் இருக்கிறது என்பதை வாய்விட்டுச் சொல்லச் சொல்லுங்கள். டாக்டருக்குப் படிக்கும் பிள்ளை யாரையாவது உங்களுக்குத் தெரிந்தால், முதலில் அவரிடம் சொல்லுங்கள்.